பள்ளி கூட்டரசிடம், நிலம் மாநிலத்திடம்: 83ஆவது விதியை யாரும் ஏன் பேசுவதில்லை?

மலேசியாவில் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டுப் போனால், "அது மாநில விவகாரம்" என்று நாடாளுமன்ற உறுப்பினர் கைவிரிப்பது சட்டப்படி சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளி ஒன்றின் மேலாளர் வாரியத்தில் இருந்து, கூட்டரசு (மத்திய அரசு), மாநில அரசு ஆகிய இரு தரப்புக்கும் மனு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அவர் சொல்வது சரிதான். ஆனால் அத்துடன் அவர் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, கல்வியைக் கூட்டரசுப் பட்டியலிலும் நிலத்தை மாநிலப் பட்டியலிலும் வைத்திருக்கிறது. எங்கள் பள்ளி நிற்கும் இடமோ தோட்ட நிறுவனத்தின் பட்டாவில் அடங்கியது. அதில் நிலப் பயன்பாடு "பெர்தானியான்", அதாவது விவசாயம் என்றே பதிவாகியுள்ளது. செம்பனைகளுக்கு நடுவே உள்ள அந்தத் துண்டு நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக்கொடுக்க நிறுவனமே மனம் வைத்தாலும், நிலத்தைப் பிரிக்கவும் பயன்பாட்டை மாற்றவும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டம் என்றால், அதன் ஒரு பகுதியைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் தேவைப்படும். இவற்றையெல்லாம் வகுத்த 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றமே. நிலச் சட்டம் மாநிலங்களுக்கிடையே ஒரே சீராக இருக்கவேண்டும் என்பதற்காக 76ஆவது விதி அதற்கு இடமளிக்கிறது. ஆயினும் அச்சட்டத்தின்படி முடிவெடுப்பது மாநிலம்தான்.

வருவாய்ப் பங்கீடும் இதே போக்கில்தான் அமைந்திருக்கிறது. வருமான வரி கூட்டரசுக்குப் போக, நிலவரி, காடு, சுரங்கம் போன்றவற்றின் வருவாயே மாநிலத்துக்கு மிஞ்சுகிறது. ஆகவே கட்டடம் எழுப்பப் பணம் உள்ளவரிடம் நிலம் இல்லை. நிலத்தின் மீது அதிகாரம் உள்ளவரிடம் போதிய பணம் இல்லை. தனியொருவரின் அலட்சியத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

எனினும் அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த முட்டுக்கட்டையை எதிர்பார்த்தே இருந்தார்கள். கூட்டரசின் நோக்கத்துக்கு ஒரு நிலம் தேவை என்று கூட்டரசு அரசாங்கம் கருதினால், மாநில அரசைக் கலந்தாலோசித்தபின் அதனை வழங்குமாறு கோரலாம் என்கிறது 83ஆவது விதி. தனியார் பெயரில் உள்ள நிலமும் இதற்கு விலக்கல்ல. உடன்பாட்டின் மூலமோ கட்டாயமாகவோ அதைக் கையகப்படுத்தித் தரும் கடமை மாநிலத்துக்கு உண்டு, செலவு கூட்டரசைச் சேர்ந்தது. கல்வி கூட்டரசுப் பட்டியலில் இருக்கும்போது, பள்ளி கூட்டரசின் நோக்கம் அல்லவென்று வாதிடுவது கடினம்.

எனவே அடுத்த முறை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் நிலம் கேட்காதீர்கள். 83ஆவது விதியைப் பயன்படுத்தக் கல்வியமைச்சு ஏன் முன்வரவில்லை என்று மக்களவையில் கேள்வி எழுப்பும்படி எழுத்துமூலம் கேளுங்கள். அந்த மனுவின் நகலை மந்திரி பெசார் (மாநில முதல்வர்) அலுவலகத்துக்கும் அனுப்பி, இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.