ஊருக்கே ஓர் அக்கா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உறவினர் ஒருவர் கொடுத்த பழைய 'பீநட்ஸ்' சித்திரத் தொகுப்பே என் ஒன்பது வயது மகளுக்கு இப்போது உலகம். தம்பிக்கும் அதைப் படித்துக்காட்டுகிறாள்; இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் புரட்டிப் பார்த்தால், அந்தச் சார்லி பிரவுன் பக்கத்துக்குப் பக்கம் தோற்றுத் தனியாக உட்கார்ந்திருக்கிறான். இத்தனை சோகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?
– ஒரு தாய், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். நீங்கள் கண்ட சோகம் மெய்தான். 1950 அக்டோபர் 2 அன்று ஏழு அமெரிக்க நாளிதழ்களில் வந்த முதல் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. நடைபாதை ஓரத்தில் ஒரு சிறுவனும் சிறுமியும் உட்கார்ந்திருக்க, சார்லி பிரவுன் அவர்களைக் கடந்து போகிறான். 'நல்ல பையன்' என்று வாயாரப் புகழ்ந்த அந்தச் சிறுவனே, அவன் தலை மறைந்ததும், நான்காவது கட்டத்தில், அவனைக் கண்டாலே தனக்குப் பிடிக்காது என்கிறான். பெரியவர்கள் தலைகாட்டாத தொடர் இது. ஆறுதல் சொல்லக்கூட அங்கே யாரும் இல்லை.

ஆறுதல் இல்லாத இடத்தில் லூசி என்ற சிறுமி இருக்கிறாள். எலுமிச்சைச் சாறு விற்கும் கடையைப் போல ஒரு பலகைத் தட்டி வைத்து, ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு மனநல ஆலோசனை வழங்குபவள் அவள். 1959இல் சார்லி பிரவுன் முதன்முதலாக அங்கே வந்து, மனம் சோர்ந்து கிடக்கிறது, என்ன செய்வது என்று கேட்கிறான். 'அதையெல்லாம் உதறிவிட்டு எழுந்திரு' என்ற பொருளில் ஒரே வரி சொல்லிவிட்டுக் காசுக்குக் கை நீட்டுகிறாள். மருத்துவம் என்று பார்த்தால் இது அநியாயம். ஆனால் லூசி, போர்வையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சிறுவன் லைனஸின் அக்கா. அவனுடைய போர்வையைப் பிடுங்கிப் பழகிய கையோடு ஊருக்கே அக்காவாகிவிட்டவள். 1972இல் லைனஸை வீட்டைவிட்டே துரத்திவிட்டு அவள் நிம்மதிப் பெருமூச்சு விடும்போது, இன்னொரு தம்பி பிறந்திருக்கிறான் என்று செய்தி வருகிறது. நண்பர்களை விலக்கிவிடலாம், உடன்பிறப்பை விலக்க முடியாது என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொன்னவர்கள் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், இவற்றையெல்லாம் வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் வீட்டுக்கு ஒரே பிள்ளை. முடிதிருத்துபவரின் மகன், 1943இல், ராணுவத்தில் சேர்ந்திருந்த வேளையில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சார்லி பிரவுனின் தனிமையை அவர் யாரிடமும் கடன் வாங்கவில்லை. அக்கா தம்பிச் சண்டையை, பின்னாளில் ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனானபோது கூடத்தில் உட்கார்ந்தே கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

எனக்கு ஒரே பிள்ளையாக இருக்கும் பாக்கியம் வாய்க்கவில்லை. சேலத்தில் குகை என்ற பகுதியில் தறி ஓடும் வீடு எங்களுடையது. பள்ளிக் கிரிக்கெட் அணியில் சேர்க்கப்படாத ஒரு மாலையில், உலகமே முடிந்துவிட்டதைப் போல நான் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ராட்டையில் தார் (நெசவுக்கான நூல்கண்டு) சுற்றிக்கொண்டிருந்த அக்கா, நூல் அறுந்த இடத்தை முடிந்தபடியே, 'அழுவதற்குக் கண்தானே வேண்டும், கை சும்மாதானே இருக்கிறது, வா, நாலு தார் சுற்று' என்றாள். சுற்றினேன். அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருத்தம் மட்டும் அப்படியே இருந்தது. உங்கள் பிள்ளைகள் சிரிப்பதும் இந்தச் சிரிப்பைத்தான் என்று நினைக்கிறேன். லூசியின் வசனத்தை உங்கள் மகள் எந்தக் குரலில் படிக்கிறாள் என்று ஒருநாள் கதவோரம் நின்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 'பீநட்ஸ்' என்றால் நம் கடலைக்காய்தானே? கதைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?
– ஒரு வாசகர், ஏற்காடு.

பதில்: ஒரு தொடர்பும் இல்லை. அது தொடரை நாளிதழ்களுக்கு விற்ற நிறுவனம் வைத்த பெயர். ஷுல்ஸுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. 2000 பிப்ரவரி 12 அன்று இறந்த அவர், 1999 டிசம்பரில் ஓய்வை அறிவிக்கும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், அந்தப் பெயரின் கீழேயே வரைந்தார். ஆனாலும் இடையில் பல ஆண்டுகள், ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பில் அதன் கீழே 'நல்ல பையன் சார்லி பிரவுன்' என்ற சொற்களும் இடம்பெற்றன. முதல் நாள் அந்தச் சிறுவன் சொன்ன அதே 'நல்ல பையன்'.