பதில்: பயிற்சிச் சுவருக்குச் செங்கல் வாங்கப் பணமில்லை

வணக்கம் ஐயா. பதினொன்றாம் வகுப்புத் தொழிற்பிரிவு மாணவர்கள் கட்டும் பயிற்சிச் சுவரை ஒவ்வொரு முறையும் இடித்துவிட்டுப் புதிய செங்கல் வாங்க வேண்டியிருப்பதாகவும், சுவர் தூக்கு நிற்பதில்லை, அதாவது நேர்செங்குத்தாக அமைவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் சிக்கலுக்குக் காரணம் சிமெண்ட். சலித்த செம்மண்ணைக் குழைத்துச் சாந்தாக்கிக் கட்டச் சொல்லுங்கள். மறுநாளே கல்லைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்து அடுத்த குழுவிடம் கொடுத்துவிடலாம், பிள்ளைகளின் கையும் அரிக்காது. 19×9×9 செ.மீ. கல்லில், ஒரு கல் கனத்தில் (கல்லின் நீளமே சுவரின் தடிப்பாக), ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள சுவருக்கு ஏறத்தாழ 100 கற்கள் போதும், சாரமும் தேவைப்படாது.

தூக்கு பிசகுவதற்கு, எல்லா வரியையும் (கல் அடுக்கையும்) கட்டி முடித்த பிறகே தூக்குக்குண்டை, அதாவது நூலில் தொங்கும் எடைக்குண்டைப் பிடிப்பதுதான் காரணமாக இருக்கும் என நினைக்கிறேன். இரு முனைகளிலும் நான்கு வரி உயர்த்தி, குண்டின் நூல் கோத்த கட்டையைச் சுவரின் மேல் விளிம்பில் அழுத்திப் பிடித்து, கீழே குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே இடையில் நூல் கட்டி நிரப்ப வேண்டும். குண்டு சுவரில் சாய்ந்தால் மேற்பகுதி உள்வாங்கியிருக்கிறது. விலகி நின்றால் வெளியே தள்ளியிருக்கிறது. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், மாணவரே கண்டுபிடிக்கட்டும். உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை அரை நாள் அழைத்துக் கரணை (சாந்து பூசும் கருவி) பிடிக்கும் விதத்தை அவர் கையாலேயே காட்டச் செய்வதும் நல்லது.