சதவீத வழு: எதனால் வகுப்பது?

வணக்கம் தம்பி. கோண்டாவில் வீட்டுக் கிணற்றில் நீர்மட்டம் 24 அடி ஆழத்தில் இருக்கும் என்று மதிப்பிட்டீர்கள். கயிறு விட்டு அளந்தபோது 20 அடிதான். சதவீத வழு, அதாவது மதிப்பீடு உண்மை அளவிலிருந்து எத்தனை சதவீதம் விலகியது என்பது, உங்களுக்கு 16.67 வருகிறது, ஆசிரியர் 20 என்கிறார். ஆசிரியர் சொன்னதே சரி.

வித்தியாசம் 4 அடி என்பதில் இருவரும் ஒன்றுதான். நீங்கள் அதை 24 ஆல் வகுத்துவிட்டீர்கள். வகுக்க வேண்டியது உண்மை அளவால்: 4 ÷ 20 × 100 = 20. மதிப்பீடு ஆளுக்கு ஆள் மாறும், கிணறு மாறாது. 16 அடி என்று குறைத்துச் சொல்லியிருந்தாலும் வழு அதே 20 சதவீதம்தான், கூடக்குறைய என்ற குறியைப் பார்ப்பதில்லை.

எனக்கு இடிக்கிறது வேறொன்று. கயிற்றை எங்கிருந்து அளந்தீர்கள்? கிணற்றுக் கட்டின் மேல் விளிம்பிலிருந்தா, நிலத்திலிருந்தா? எங்கள் வீட்டுக் கட்டு 3 அடி உயரம். உங்களுடையதும் அப்படி என்றால், நிலத்திலிருந்து மதிப்பிட்டுவிட்டுக் கட்டிலிருந்து அளந்திருந்தால் உண்மை ஆழம் 17 அடி. வழு 7 ÷ 17, ஏறக்குறைய 41.2 சதவீதம்! ஒரு கட்டு செய்கிற வேலையைப் பாருங்கள்.

அலகையும் கவனியுங்கள். அளவுநாடாவின் ஒரு பக்கம் மீற்றர், மறுபக்கம் அடி. 20 அடி என்பது 6.096 மீற்றர். இரண்டையும் கலந்து கழித்தால் விடை கிணற்றுக்குள்தான் போகும்.

கட்டின் உயரத்தை அளந்து இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.