குறி தவறாத தோட்டா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சுட்ட பிறகும் தன் பாதையைத் திருத்திக்கொள்ளும் தோட்டாக்களைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுதுகிறேன். சாதாரணக் காலாட்படை வீரனின் கைக்கு இவை வருமா? ‘இவை வந்தால் போரில் அப்பாவிகள் சாக மாட்டார்கள்’ என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன். சரிதானே? மேற்படிப்புக்கு எங்கே போகலாம்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

மேற்படிப்பைப் பற்றி உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள்.

2012இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் காட்டியது நான்கு அங்குல நீளமுள்ள, அம்பு போன்ற தோட்டா. மூக்கில் லேசர் ஒளியைத் தேடும் உணரி, திருப்புவதற்குச் சிறு துடுப்புகள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பாவின் எக்சாக்டோ தோட்டா 2015 சோதனையில், அதைச் சுடும் துப்பாக்கியை முதன்முறையாகத் தொட்டவர் சுட்டபோதும், நகரும் இலக்கைத் தாக்கியது. ஆக, முடியும். ஆனால் இரண்டுமே அரை அங்குல விட்டமுள்ள கனரகத் தோட்டாக்கள். காலாட்படை வீரனின் 5.56 மி.மீ. தோட்டாவின் எடை ஏறக்குறைய நான்கு கிராம். குழலை விட்டு வெளியேறும்போது நிமிடத்துக்குச் சுமார் மூன்று லட்சம் முறை சுழல்கிறது. அதற்குள் எந்த உணரியை, எந்த மின்கலத்தை வைப்பீர்கள்? போதாக்குறைக்கு, சண்டையில் சுடப்படும் தோட்டாக்களில் பெரும்பாலானவை எதிரியைத் தலைதூக்க விடாமல் செய்யத்தான். அதனால்தான் அமெரிக்கத் தரைப்படை 2022இல் அறிவைத் தோட்டாவில் வைக்காமல் குறிநோக்கியில் வைத்தது: தூரத்தை லேசரால் அளந்து எங்கே குறிவைக்க வேண்டும் என்று காட்டும் எக்ஸ்எம்157. அது ஒவ்வொரு சுடலோடும் தொலைந்துபோவதில்லை.

உங்கள் முன்னுரைக்கு வருகிறேன். படித்ததும் கோபம் வந்தது. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், அதனாலேயே கூடுதலாக வந்தது. 2021 ஆகஸ்ட் 29, காபூல். ஒரு வெள்ளை டொயோட்டா காரை அமெரிக்க டிரோன்கள் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. அதில் ஏற்றப்பட்ட தண்ணீர்க் கேன்கள் வெடிபொருளாகத் தெரிந்தன. கார் வீட்டு முற்றத்தில் நின்றபோது ஹெல்ஃபயர் ஏவுகணை வந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், ஏழு பேர் குழந்தைகள். மூன்று வாரம் கழியும் முன்பே, தவறு நடந்துவிட்டதாக அமெரிக்க ராணுவம் ஒப்புக்கொண்டது.

குறி தப்பவில்லை, கார்த்திக். எந்தக் காரை அடிக்கச் சொன்னார்களோ அந்தக் காரைத்தான் அடித்தது. உங்கள் தோட்டாவும் லேசர் புள்ளி விழுந்த இடத்துக்குத்தான் போகும். புள்ளி விழுவது யார்மீது என்று எந்தத் துடுப்பு திருத்தும்? எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே தண்ணீர்க் கேன் தண்ணீர்க் கேனாகத் தெரியவில்லை. புதரடியில் மூச்சிரைக்கப் படுத்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கு அரை நொடியில் தெரிந்துவிடுமா? இதை யோசிக்காமல் எப்படி அந்த வரியை எழுதினீர்கள்?

துடுப்புகளைப் பற்றியும் சுழற்சியைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். அது அருமையான பொறியியல். முன்னுரையில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்துவிடுங்கள். கட்டுரை முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், முழுவதும் படிக்கிறேன்.