வெளிநாட்டுப் பயணமும் கையில் இருக்கும் போனும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிங்கப்பூர் போவதற்காக 'அரைவல் கார்டு' என்று கூகுளில் தேடி, முதலில் வந்த தளத்தில் நிரப்பினோம். ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று கார்டில் பிடித்துவிட்டார்கள். இது அரசுக் கட்டணமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. அரைவல் கார்டு என்பது அந்த நாட்டில் இறங்கும் முன் இணையத்தில் நிரப்பும் படிவம். சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவின் எம்டிஏசி, தாய்லாந்தின் டிடிஏசி மூன்றுமே இலவசம். தேடலில் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். நீங்கள் தட்டும் விவரத்தை அரசுத் தளத்தில் திரும்பத் தட்டிக் கொடுப்பதற்குத்தான் அந்தக் காசு. முகவரியின் முதல் பாதியைப் பார்த்து ஏமாறாதீர்கள், தொடக்கத்தில் வரும் 'https://' பகுதியை விட்டுவிட்டு, அதற்கடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். சிங்கப்பூருக்கு 'ஜிஓவி டாட் எஸ்ஜி', மலேசியாவுக்கு 'ஜிஓவி டாட் எம்ஒய்', தாய்லாந்துக்கு 'ஜிஓ டாட் டிஎச்'. பணம் கேட்டாலே மூடிவிடலாம்.

போன பணம் திரும்புவது கஷ்டம், வங்கியில் புகார் கொடுத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், கார்டு எண்ணும் பாஸ்போர்ட் விவரமும் அவர்களிடம் இருக்கின்றன. கார்டை மாற்றிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், ரொம்ப முன்னாடியே நிரப்ப முடியாது. சிங்கப்பூருக்கு இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாள். 10ஆம் தேதி இறங்கினால் 8ஆம் தேதியிலிருந்து நிரப்பலாம். 2024 ஜனவரியில் கட்டாயமான மலேசியக் கார்டும், 2025 மே 1 முதல் வந்த தாய்லாந்துக் கார்டும் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள்தான். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ஒரு நாள் போய்த் திரும்பினால், மறுபடி நுழைய இன்னொரு எஸ்ஜி கார்டு வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பேருந்தை விட்டு இறங்கிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. இந்தக் கார்டு விசாவும் ஆகாது. இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா தனி.

கேள்வி: பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான். சர்நேம் இடம் காலி. டிக்கெட் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்கிறது. என்ன போடுவது?
– வாசகர், விருதுநகர்

பதில்: நம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற தொல்லை இது. குடும்பப் பெயர் எல்லாருக்கும் உண்டு என்று நினைத்து எழுதிய மென்பொருள்தான் காரணம். விமானக் கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு. சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதச் சொல்வார்கள். அவரவர் உதவிப் பக்கத்தில் இருப்பதை அப்படியே செய்யுங்கள். அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். டிக்கெட்டில் இருப்பது பாஸ்போர்ட்டில் இல்லாவிட்டால் கவுன்டரில் நிற்க வேண்டியதுதான்.

துபாய், அபுதாபி என்றால் கூடுதல் கவனம். ஒற்றைச் சொல் பெயரோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்தார்கள். பிறகு, அங்கே இறங்கியதும் விசா வாங்கும் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள். டிக்கெட் போடும் முன் விமானக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி போகிறவர் என்றால், சர்நேம் சேர்த்து ரீ-இஷ்யூ வாங்கிவிடுவதே நல்லது.

கேள்வி: இ-சிம் போட்டால் இந்திய எண்ணுக்கு ஓடிபி வருமா?
– வாசகர், கோவை

பதில்: வரும், இந்திய சிம் போனிலேயே இருந்தால். இ-சிம் என்பது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம். முதலில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் டயல் செய்யுங்கள். 'இஐடி' என்று ஒரு நீள எண் தெரிந்தால் போன் இ-சிம் ஏற்கும். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொடுத்தனுப்பிய போன் என்றால், வேறு கம்பெனி சிம் வேலை செய்யாதபடி அங்குள்ள கம்பெனி லாக் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே விற்கும் ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது, இந்திய எண்ணையும் இ-சிம்மாக மாற்றியாக வேண்டும்.

இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுங்கள். ஆனால் நிறுவிய நிமிடத்திலேயே நாள் கணக்குத் தொடங்கும் திட்டமா என்று வாங்கும்போதே படியுங்கள். இறங்கியதும் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப், 'டேட்டா ஸ்விட்சிங்' (ஒரு சிம்மில் நெட் இல்லாவிட்டால் போன் தானாக மற்ற சிம்முக்கு மாறுவது) என்பதும் ஆஃப். பில் எகிறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி ஒன்றை மறப்பதால்தான். ஓடிபிக்கு இந்திய எண்ணில் ரோமிங் சேவை திறந்திருக்க வேண்டும், கிளம்பும் முன் கம்பெனியிடம் உறுதிசெய்யுங்கள். எஸ்எம்எஸ் வந்தால் பொதுவாகக் காசில்லை, அழைப்பை எடுத்தால் காசு. நெட் வரவில்லை என்று இ-சிம்மை அழித்துவிடாதீர்கள். பல கம்பெனிகளின் க்யூஆர் ஒரு தடவைதான் வேலை செய்யும்.

கேள்வி: கடையில் கார்டு கொடுத்தால், மெஷினில் ரூபாயிலும் தொகை காட்டுகிறது. ரூபாயைத் தட்டலாமா? யூபிஐ எடுபடுமா?
– வாசகி, சென்னை

பதில்: தட்டாதீர்கள். அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்த் தொகையில் கடைக்காரரின் வங்கி தன் லாபத்தை ஏற்றியிருக்கும். 10,000 ரூபாய் பெறும் பொருளுக்கு உங்கள் வங்கி 3.5 சதவீதம் மார்க்-அப் (நாணய மாற்றுக் கட்டணம்) போட்டால் 350, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 63, மொத்தம் 413 ரூபாய் கூடும். ரூபாய் மாற்றத்தில் 6 சதவீதம் ஏற்றினாலே 600. அதற்கு மேல் 1 சதவீதம் போடும் இந்திய வங்கிகளும் உண்டு. ஏடிஎம்மிலும் 'கன்வர்ஷன் வேண்டாம்' என்று தட்டுங்கள், பணம் வரும், பயப்பட வேண்டாம். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

யூபிஐ சில இடங்களில் மட்டும். இலங்கை, மொரிஷியஸில் 2024 பிப்ரவரி 12 முதல் க்யூஆர் உண்டு, ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை. ஆப்பில் யூபிஐ இன்டர்நேஷனலை முன்கூட்டியே திறக்க வேண்டும். நம் யூபிஐ போல சிங்கப்பூரில் இருக்கும் பேநவ்வோடு உள்ள இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப வந்தது, அதை வைத்துக் கடையில் கொடுக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: எல்லாம் போனில் இருக்கிறதே, சார்ஜ் போனால்?
– வாசகர், நெல்லை

பதில்: ஓட்டல் முகவரி, திரும்பும் டிக்கெட், விசா, அரைவல் கார்டு – இவற்றை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. விமானக் கம்பெனியிடம் தனி அனுமதி வாங்காமல் கொண்டுபோக வரம்பு 100 வாட்-ஹவர், 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-ஹவர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் அதில் சார்ஜ் போட அனுமதியில்லை, ஏறும் முன்பே போனை நிரப்பிவிடுங்கள்.