கை அசையத் தலையில் காந்தமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. ஏழு மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார், தோளைத் தூக்குகிறார், விரல்களை மடக்குகிறார், ஆனால் விரிக்க வரவில்லை. அறுவை சிகிச்சை இல்லாமல் தலையில் காந்தம் வைத்துக் கையைச் சரிசெய்வதாக ஒரு மையத்தில் கூறுகிறார்கள். இருபது நாள் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டுமாம். அதுவரை பிசியோதெரபி தேவையில்லையாம். நம்பலாமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: சிகிச்சை பொய்யல்ல, உங்களிடம் சொல்லப்பட்ட விதம்தான் சரியில்லை. மண்டையோட்டின் வழியே காந்தத்தால் மூளையைத் தூண்டும் இந்தச் சிகிச்சையை மருத்துவர்கள் டி.எம்.எஸ். என்பார்கள். அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் என் வயதினருக்கு ஒரு பாடகரின் கம்பீரக் குரல்தான் நினைவுக்கு வரும், இது வேறு. மின்சாரம் பாயும் செப்புச் சுருளைத் தலையோடு ஒட்டிப் பிடிக்கும்போது, ஒரு நொடியிலும் மிகச் சிறிய நேரத்துக்குத் தோன்றி மறையும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, உள்ளே மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் 1985இல் இதைச் செய்து காட்டினர். கையை ஆளும் இடத்தின்மேல் சுருள் சரியாக அமைந்தால், ‘டக்’ என்ற ஒலியோடு எதிர்ப்பக்கக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். அதைக் கண்ணெதிரே பார்க்கும் குடும்பத்தினர் கை திரும்பிவிட்டதென்றே மகிழ்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அது, மூளையிலிருந்து கைக்குச் செல்லும் பாதை முழுவதும் அறுந்துவிடவில்லை என்பதற்கான அடையாளம் மட்டுமே.

மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கி வைத்திருப்பவை. உங்கள் கணவருக்கு வலது கையை ஆளும் இடப்பாதி அடிபட்டிருப்பதால், அடிபடாத வலப்பாதியின் கை ஓங்கி, இடப்பாதியை மேலும் ஒடுக்குகிறது என்பது இச்சிகிச்சைக்கு அடிப்படையான கருத்து. ஆகவே நொடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான வேகத்தில் வலப்பாதியைச் சற்றுத் தணிப்பார்கள், அல்லது வேகமான துடிப்புகளால் இடப்பாதியைத் தூண்டுவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று தளர்ந்து, மற்றது வண்டியைப் பக்கவாட்டில் இழுத்தால், அதன் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது நியாயம்; ஒன்று படுத்தேவிட்டால், நிற்கிற மாட்டையும் பிடித்து வைப்பவனுக்கு வண்டி நகராது. பாதிப்பு மிகக் கடுமையாக இருப்பவர்களுக்கு அடிபடாத பாதியே கைகொடுக்கக்கூடும் என்பதால், எல்லோருக்கும் ஒரே முறையைப் பின்பற்றுவதை நான் ஏற்பதில்லை.

பலன் எவ்வளவு? 2020இல் ஐரோப்பிய நிபுணர் குழு, பக்கவாதம் வந்த தொடக்க மாதங்களில் மெதுவான துடிப்புச் சிகிச்சை கையின் மீட்சிக்கு உதவுவதற்கு வலுவான சான்று உண்டு என்றது. ஆறு மாதங்கள் கடந்தவர்களுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில், பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதங்களான 199 பேரிடம் நடந்து, 2018இல் வெளியான ஆய்வு உங்கள் கணவரின் நிலைக்கு நெருக்கமானது. எல்லோருக்கும் கைப்பயிற்சி அளித்து, ஒரு பிரிவினருக்கு உண்மைத் துடிப்பும் மற்றவருக்குப் போலித் துடிப்பும் கொடுத்தனர். ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, குறிப்பிட்ட அளவு முன்னேறியவர்கள் முதல் பிரிவில் 67 விழுக்காடு, போலித் துடிப்பு பெற்றோரில் 65 விழுக்காடு. இரு பிரிவிலும் பெரும்பாலோர் தேறியிருக்கிறார்கள். இரு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி. அதைத்தான் உங்களை நிறுத்தச் சொல்கிறார்கள்! சுருள் செய்யக்கூடியதெல்லாம் பயிற்சிக்கு மூளையைச் சிறிது நேரம் இளக்கி வைப்பதே. பயிற்சி இல்லாமல் அந்த இளக்கத்தால் பயனில்லை.

எனவே பணம் கட்டும் முன் ஒரு நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். முன்பு வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகக் கிளிப்போ காதுக்குள் பொருத்திய கருவியோ உண்டா, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, என்னென்ன மாத்திரைகள் என்றெல்லாம் கேட்காத இடத்தில் தலையைக் கொடுக்கக் கூடாது. அரிதாக இச்சிகிச்சையே வலிப்பைத் தூண்டிவிடும். விரல் விரிப்பதற்கான பயிற்சியை இன்றும் விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பேட்டரியை வைத்து வீட்டிலேயே மூளையைத் தூண்டலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்பாவுக்குச் செய்து பார்க்கலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். ஆய்வுகளில் இதற்கு, தலையில் வைத்த நனைத்த பஞ்சு வழியாகப் பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 20 நிமிடங்கள், அளவு தவறாமல் காக்கும் கருவி கொண்டு செலுத்துகிறார்கள். பஞ்சு காய்ந்தால் தோல் பொசுங்கும். நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி வைத்தால், தூண்ட நினைத்த இடத்தையே அடக்கியும் விடலாம்.