அமெரிக்க உள்நாட்டுப் போரில் மோதிய மானிட்டர், விர்ஜீனியா கப்பல்களில் ஜெயித்தது எது? அந்தக் காலத்து இரும்புக் கவசக் கப்பல்கள் கடைசியில் என்ன ஆயின?

இரண்டுமே ஜெயிக்கவில்லை. மானிட்டர் வடக்கு, அதாவது அமெரிக்க அரசின் கப்பல். விர்ஜீனியா பிரிந்துபோன தெற்கின் கப்பல். 1862 மார்ச் 9 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸ் கழிமுகத்தில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் முட்டி மோதியும் ஒன்றை ஒன்று மூழ்கடிக்க முடியவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் இரண்டுமே போய்ச் சேர்ந்தன. அதுவும் எதிரி குண்டால் போகவில்லை. விர்ஜீனியாவை அதன் ஆட்களே கொளுத்தினார்கள். மானிட்டரைக் கடல் கொண்டுபோனது.

நீங்கள் ஏதாவது வீடியோ பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வீடியோக்களில் பீரங்கி இருக்கும், தகடு எத்தனை அங்குலம் என்று இருக்கும், கேப்டன் பெயர் இருக்கும். இன்ஜின் ரூமைப் பற்றி ஒரு வரி இருக்காது. நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். இந்த விஷயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு, அதனால் பதில் நீளும்.

விர்ஜீனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மெரிமாக் என்ற பழைய வடக்குக் கப்பல். 1861 ஏப்ரலில் நார்ஃபோக் கப்பல்தளத்தைக் காலி செய்தபோது வடக்குக்காரர்கள் எரித்து மூழ்கடித்துவிட்டுப் போனதைத் தெற்குக்காரர்கள் தூக்கி, மேலே இரும்புத் தகடு போர்த்தினார்கள். இன்ஜின் மட்டும் அதே பழைய இன்ஜின். தீயில் வெந்து தண்ணீரில் ஊறுவதற்கு முன்பே அது சரியில்லை என்று பழுதுபார்க்கத்தான் கப்பலைத் தளத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதை ஓட வைத்தவர் ஆஷ்டன் ராம்சே என்ற தலைமை இன்ஜினியர். மெரிமாக்கிலேயே முன்பு வேலை பார்த்தவர், அந்த இன்ஜினின் நோய் அவருக்குத் தெரியும். கப்பலைத் திருப்பவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு மார்ச் 8 அன்று வடக்கின் கம்பர்லேண்ட் கப்பலை இடித்து மூழ்கடித்து, காங்கிரஸ் என்ற கப்பலையும் எரித்திருக்கிறார்கள்.

மே மாதம் நார்ஃபோக் வடக்கின் கைக்குப் போனது. ஜேம்ஸ் ஆற்றில் ஏறி தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குத் தப்பலாம் என்றால், கப்பல் தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 22 அடி, ஆற்றில் அவ்வளவு ஆழம் இல்லை. பாரத்தை இறக்கி மிதக்க விட்டுப் பார்த்தார்கள். போதிய அளவு ஆழம் குறையவில்லை, தகடு இல்லாத அடிப்பகுதிதான் வெளியே தெரிந்தது. மே 11 விடிவதற்குள் கிரேனி தீவு அருகே தீ வைத்துவிட்டார்கள்.

இதைச் சொன்னால் தெற்கைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று சிலர் வருவார்கள். இல்லை. அவர்கள் சண்டை போட்டது அடிமை முறையைக் காப்பாற்ற. விர்ஜீனியாவின் தகடுகளை உருட்டிய ரிச்மண்ட் ட்ரெடிகர் ஆலையிலும் அடிமைகளின் உழைப்பு இருந்தது. நான் பேசுவது இயந்திரத்தைப் பற்றி.

மானிட்டர் கதை எனக்கு இன்னும் நெருக்கம். ஹாம்ப்டன் ரோட்ஸ் வரும் வழியில், மார்ச் 7 அன்றே அது மூழ்கியிருக்க வேண்டியது. மேல்தளம் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேதான். அலை ஏறி, கொதிகலனுக்குக் காற்று ஊதும் விசிறியான ப்ளோயரின் குழாய் வழியாக உள்ளே இறங்கியது. ப்ளோயரைச் சுழற்றிய தோல் பெல்ட் நனைந்து வழுக்கியது. காற்று நின்றதும் கொதிகலன் நெருப்பு மங்கி, விஷவாயு இன்ஜின் ரூமை நிறைத்தது. பெல்ட்டைச் சரி செய்ய உள்ளே போன இன்ஜினியர்கள் மயங்கி விழ, அவர்களை இழுத்து, பீரங்கிகள் இருந்த சுழல் கோபுரத்தின் மேல் போட்டுக் காற்று வாங்க வைத்தார்கள். கோபுரத்தின் அடியில் நார் அடைத்திருந்த இடம் பிய்ந்து அங்கிருந்தும் தண்ணீர். இரண்டு நாள் கழித்து உலகமே பேசிய சண்டை நடந்ததென்றால், அந்த மயங்கிய ஆட்கள் மறுபடி கீழே இறங்கியதால்தான்.

எனக்கு இது ஏன் உறைக்கிறது என்று சொல்கிறேன். சில வருஷம் முன்னால், குளிர்காலத்தில் அட்லாண்டிக் நடுவில், எங்கள் கப்பலில் ஃப்ளோர் பிளேட்டுக்குக் கீழே கடல்நீர்க் குழாயின் எல்போ (வளைவு) ஒன்று பிளந்துகொண்டது. அரித்துத் தாள் மாதிரி ஆகியிருந்தது. கப்பலின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் இழுக்கவில்லை. எமர்ஜென்சி சக்‌ஷன் வால்வைத் திறக்கப் போனால் சக்கரம் அசையவில்லை, துரு. செகண்ட் இன்ஜினியர் தூத்துக்குடிக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணன். இன்ஜின் ரூமின் அடித்தரையான டேங்க் டாப்பில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை பில்ஜ் கிணற்றுக்குள் விட்டு, எண்ணெய்த் துணியும் நிலக்கரிச் சேறுமாகப் பிடி பிடியாக அள்ளி வெளியே போட்டார். "தம்பி, டார்ச்சைக் கீழே காட்டு, மூஞ்சில காட்டாத" என்று ஒரு சத்தம். ஃபிட்டர் பைப் ஸ்பேனர் போட்டுத் தொங்கி வால்வை உடைத்துத் திறந்தான். மேலே கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது, வேகம் எப்போது கிடைக்கும் என்று. விடியும்போது உடைப்பைச் சுற்றி சிமென்ட் பாக்ஸ் (பெட்டி அடித்து சிமென்ட் கொட்டி அடைப்பது) கட்டி முடித்தோம். பிறகு கம்பெனியிலிருந்து பாராட்டு மெயில் வந்தது, கேப்டனின் நிதானத்தைப் பாராட்டி. அண்ணன் பெயர் அதில் இல்லை. கேப்டன் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரில் கல்யாண வீட்டிலும் இதே கதைதான், "எப்பப்பா கேப்டன் ஆவ?" என்பார்கள். இன்ஜினியர் கேப்டன் ஆவதில்லை, அது வேறு படிப்பு, வேறு துறை. பெண் பார்க்கும் வீட்டில்கூட இதை விளக்க வேண்டியிருக்கிறது.

சரி, மானிட்டரின் முடிவு. 1862 டிசம்பர் 31 விடிவதற்கு முன், ஹட்டராஸ் முனைக்கு அப்பால், ரோட் ஐலண்ட் என்ற கப்பல் இழுத்துப் போகும்போது புயல். நிலக்கரி நனைந்தது, நீராவி அழுத்தம் இறங்கியது, அழுத்தம் இறங்கியதால் பம்புகள் தளர்ந்தன, பம்ப் தளர்ந்ததால் தண்ணீர் ஏறி நெருப்பை அணைத்தது. இறந்தவர்கள் 16 பேர். அதில் நாலு அதிகாரிகள், இரண்டு பேர் இன்ஜினியர்கள், ராபின்சன் ஹேண்ட்ஸ், சாமுவேல் லூயிஸ். லூயிஸ் கடல் நோயில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தவர். 2002-ல் கோபுரத்தைத் தூக்கியபோது உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள் இருந்தன. யார் என்று உறுதியாகத் தெரியாமலே 2013-ல் ஆர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள்.

"அப்படியானால் பீரங்கிக்கு வேலையே இல்லையா, தெற்கின் கவசக் கப்பல் டென்னசி சரணடையவில்லையா" என்று கேட்பவர்களுக்கு: 1864 ஆகஸ்ட் 5, மொபைல் விரிகுடா, தெரியும். குண்டடிதான். ஆனால் அது பணிந்தது ஏன்? சுக்கான் சங்கிலிகளை மேல்தளத்தில் திறந்தபடி ஓட விட்டிருந்தார்கள், அவை அறுந்தன. புகைபோக்கி விழுந்து கொதிகலன் நெருப்புக்குக் காற்று இழுவை போனது. திருப்பவும் முடியாது, ஓடவும் முடியாது. அன்றே வடக்கின் கவசக் கப்பல் டெகும்சே கண்ணிவெடியில் ஓரிரு நிமிடத்தில் கவிழ்ந்து தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதன் கேப்டன் கிரேவன் ஏணியில், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுக்கு வழிவிட்டு நின்று இறந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதட்டும், பெரிய மனிதர். கொதிகலன் முன் நின்றவர்களுக்கு அந்த ஏணி வரை வரவே நேரம் இருந்திருக்காது.

தெற்கின் இன்னொரு கவசக் கப்பலான ஆர்கன்சாஸ் கதையும் இன்ஜின் கதைதான். 1862 ஜூலை 15 அன்று விக்ஸ்பர்க் அருகே வடக்கின் மொத்தக் கப்பல் கூட்டத்தின் நடுவே புகுந்து வந்தது. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 6, பேட்டன் ரூஜ் பக்கம் இன்ஜின் கைவிட, ஆட்களே கொளுத்தினார்கள். தெற்கின் அல்பெமார்ல் கப்பலை 1864 அக்டோபரில் குஷிங் என்ற வடக்கு அதிகாரி ஒரு சின்னப் படகில் போய், கழி நுனியில் கட்டிய வெடியால் முடித்தார்.

தப்பித்தது தெற்குக்காக வாங்கிய ஸ்டோன்வால். பிரான்சில் கட்டி, ஹவானா வந்து சேரும்போது போர் முடிந்துவிட்டது. அமெரிக்கா அதை ஜப்பானுக்கு விற்றது. 1869-ல் ஹகோடாட்டே முற்றுகையில், ஜப்பானின் உள்நாட்டுப் போரில், அரசுத் தரப்பில் அது சண்டையிட்டது.

நேரில் பார்க்க ஆசை என்றால், மானிட்டரின் கோபுரமும் இன்ஜினும் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிலக்கரி ஏற்றப் போனபோது அங்கே போயிருக்கிறேன். கோபுரத்துக்கு முன் கூட்டம் நிற்கும், இன்ஜினையும் கேட்டுப் பாருங்கள். இன்னும் நல்லது விக்ஸ்பர்க்கில் இருக்கும் கெய்ரோ என்ற வடக்கின் கவசக் கப்பல். 1862 டிசம்பர் 12 அன்று யாஸூ ஆற்றில் வெடியில் சிக்கிப் பன்னிரண்டு நிமிடத்தில் மூழ்கியது, ஒரு உயிர் போகவில்லை. 1964-ல் மூன்று துண்டாக வெளியே எடுத்தார்கள். அதன் கொதிகலன்களை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.